சிரட்டையில் ஏற்கெனவே பால்: பேய்ப்படம் தேடிப் போன ஒரு நாகர்கோவில்காரனின் ரிவ்யூ

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சின்ன பட்ஜெட் பேய்ப்படமும் த்ரில்லரும் தேடி அலைகிறவனுக்கு டிசம்பர்தான் தீபாவளி. திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் மாதம். எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குத் திருவனந்தபுரம் என்றால் மெடிக்கல் காலேஜும் ஏர்போர்ட்டும்தான். எனக்கு அது கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் இருக்கும் மூன்று தியேட்டர்கள், தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம். சில வருடங்களாக டெலிகேட் பாஸ் எடுத்துப் போய்வருகிறேன். அந்த அனுபவத்தையும், இதே ஆசையில் வேறு இடத்தில் காசைக் கொடுத்து ஏமாந்த கதையையும் சேர்த்து எழுதுகிறேன், அடுத்த டிசம்பருக்குப் போக நினைக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் கணக்கு. 2024-இல் பாஸ் ஜிஎஸ்டியோடு 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590. எட்டு நாள் விழா. ஒரு நாளைக்கு நாலு படம் பார்க்கிற தெம்பு இருந்தால் (எனக்கு மூன்றாவது படத்தோடு கண் எரிய ஆரம்பித்துவிடும்) ஒரு படத்துக்கு 40 ரூபாய்கூட ஆகாது. எங்கள் ஊர் தியேட்டரில் இடைவேளைக்கு வாங்குகிற பாப்கார்ன் விலைக்கு இரண்டு படம் பார்த்துவிடலாம். தினமும் போய்வருகிறவர்கள் பாசஞ்சர் ரயிலில் போய்விடுங்கள். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஆடி அசைந்துதான் போகும், ஆனால் பஸ்ஸில் போய் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் மாட்டிக்கொண்டு முதல் படத்தைக் கோட்டைவிடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

பாஸ் கையில் வந்தபிறகுதான் உண்மையான வேலை. விழாப் புத்தகத்தில் ‘ஹாரர்’ என்று யாரும் தெளிவாக எழுதிவைக்க மாட்டார்கள். ‘ஒரு பெண் தன் கடந்தகாலத்தை எதிர்கொள்கிறாள்’ என்று இருக்கும். உள்ளே போனால் கட்டிலுக்கு அடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதேபோல ‘திகில்’ என்று எழுதியிருப்பதை நம்பிப் போனால் இரண்டு மணி நேரமும் ஒரு குடும்பம் மௌனமாகச் சூப் குடித்துக்கொண்டிருக்கும். அதனால் நான் கதைச்சுருக்கத்தைப் படிப்பதையே நிறுத்திவிட்டேன். ஓடும் நேரம் 80, 90 நிமிடமா, இயக்குநருக்கு இது முதல் படமா, நடிகர்கள் நாலைந்து பேர்தானா, ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் ஒரே ஆளா என்று மட்டும் பார்ப்பேன். இதெல்லாம் சேர்ந்து வந்தால் கையில் காசில்லாமல் தலையில் மட்டும் ஏதோ வைத்துக்கொண்டு எடுத்த படம் என்று அர்த்தம். அப்புறம் அது ஏற்கெனவே எந்தெந்த விழாவுக்குப் போய்வந்தது என்பதையும் போனில் தேடிப் பார்க்கலாம். ஸ்பெயினில் சிட்ஜெஸ் விழா 1968-லிருந்தே இந்த வகைப் படங்களுக்கென்று நடக்கிறது. டொரன்டோ விழாவில் மிட்நைட் மேட்னஸ் என்ற நடுராத்திரிப் பிரிவு 1988-இல் தொடங்கியது, மான்ட்ரியாலின் ஃபேன்டேசியா 1996-இல். இந்த மூன்றில் ஒன்றின் பெயர் இருந்தால் நான் யோசிக்காமல் வரிசையில் போய் நின்றுவிடுவேன்.

வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது. ரிசர்வேஷன் முந்தின நாள் காலையிலேயே ஆப்பில் திறக்கும், எல்லோரும் பேசிக்கொள்கிற படங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பிவிடும். முதல் வருடம் இதற்காகவே மனசு உடைந்துபோனேன். இப்போது சொல்கிறேன், எனக்குப் பிடித்த படங்களில் பாதிக்கு மேல், நினைத்த படத்துக்கு இடம் கிடைக்காமல் பக்கத்துத் தியேட்டரில் நுழைந்து பார்த்தவைதான். ஒரு வருடம் அப்படி வெளியே திகைத்து நின்றபோது, முன்னால் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் திரும்பி, ‘சேட்டா, அது போட்டே, அப்புறத்து நோக்கு’ (அண்ணா, அது போகட்டும், அந்தப் பக்கம் பார்) என்றான். மலையாளமும் தமிழும் கலந்து பேசி வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நோக்கினேன். ஒரு கிழவி, ஒரு பேத்தி, ஒரு பூட்டிய அறை. படம் முடிகிறவரை அந்த அறைக்குள் கேமரா போகவே இல்லை. உள்ளேயிருந்து யாரோ தரையைத் துடைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. இன்றைக்கும் வீட்டில் அம்மா மாப் போடுகிற சத்தம் கேட்டால் ஒரு விநாடி நிமிர்ந்து பார்க்கிறேன்.

இத்தனை வருடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். காசில்லாத பேய்ப்படத்தின் ஜாதகம் அதன் சத்தத்தில் இருக்கிறது. படம் மங்கலாக இருக்கலாம், லைட் போதாமல் இருக்கலாம், நடிகர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கலாம், எல்லாவற்றையும் நாம் மன்னித்துவிடுவோம். சத்தம் சரியில்லை என்றால் பத்தாவது நிமிடத்திலேயே கொட்டாவி வந்துவிடும். பாராநார்மல் ஆக்டிவிட்டி எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இயக்குநர் ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே ஏழு நாளில், சுமார் 15,000 டாலர் செலவில் எடுத்தது. 2007-இல் ஸ்க்ரீம்ஃபெஸ்ட் என்ற பேய்ப்பட விழாவில் காட்டினார்கள், தியேட்டருக்கு வர 2009 ஆனது, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூல். அதில் பேய் வருவதற்கு முன்னால் தரைக்கு அடியில் லாரி நிற்பதுபோல ஒரு அடித்தொண்டை உறுமல் வரும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது கேட்காது. கேட்காதவர்கள்தான் ‘இதுல என்னடே இருக்கு, கதவு ஆடுது, அவ்வளவுதானே’ என்று கேட்கிறார்கள்.

1999-இல் சன்டான்ஸ் விழாவின் நடுராத்திரிக் காட்சியில் வெளியே தெரியவந்த தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். எட்டு நாள் படப்பிடிப்பு, கேமராவைப் பிடித்தவர்கள் நடிகர்களே, சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை. ராத்திரி கூடாரத்துக்கு வெளியே குழந்தைகளின் குரலை டேப்பில் ஓடவிட்டார்கள், அவ்வளவுதான். காட்டுக்குள் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை சிரித்தால் அப்புறம் கிராஃபிக்ஸ் எதற்கு?

குமரி மாவட்டத்துக்காரனுக்கு இதையெல்லாம் சன்டான்ஸ் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்பதும் உண்மை. சின்ன வயதில் கோயில் கொடைக்குப் பாயோடு போய்ப் படுத்தவர்களுக்குத் தெரியும். வில்லுப்பாட்டில் கள்ளியங்காட்டு நீலி என்கிற பேயின் கதை ஓடும். வில்லில் வீசுகோல் விழுகிற சத்தம், குடத்தில் பத்தி என்கிற மட்டை மோதுகிற சத்தம், நடுவில் ஒரு உடுக்கை. நீலி கள்ளிக்கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிற இடம் வரும்போது பாடுகிற அண்ணாவி குரலைச் சட்டென்று இறக்குவார், குடம் மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும். திரை கிடையாது, வேஷம் கிடையாது, ஒரு கள்ளிக்கொப்புகூட அங்கே கிடையாது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றுக்குப் போவேன். கள்ளியங்காடு எங்களுக்குப் பஸ் ஸ்டாப்பு வேறு, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த நிறுத்தத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் பார்க்க மாட்டேன்.

அதனால்தானோ என்னவோ, விழாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நிசாகந்தி. கனகக்குன்னு வளாகத்தில் இருக்கும் திறந்தவெளி அரங்கம், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரலாம். 2022-இல் இந்தோனேசியாவின் ஜோகோ அன்வர் இயக்கிய சாத்தான்ஸ் ஸ்லேவ்ஸ் இரண்டாம் பாகத்தை அங்கே நடுராத்திரியில் போட்டார்கள். சின்ன பட்ஜெட் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம், மழை, கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, இவ்வளவை வைத்துக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கிற படம். லிஃப்ட் காட்சி ஒன்று வருகிறது, பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறேன். அந்த மாதிரி இடத்தில் முதலில் முன்வரிசையில் ஒருவன் சிரிப்பான், பயத்தை மறைக்கிற சிரிப்பு. அது பின்னால்வரை பரவும். அதற்கப்புறம் கூட்டம் மொத்தமும் அடங்கிப்போய், மரத்தில் ஏதோ பறவை சிறகடிக்கிற சத்தம்வரை கேட்கும். அந்த அமைதிக்குத்தான் நான் 70 கிலோமீட்டர் போகிறேன். அடுத்த வருடம், 2023-இல், தி எக்ஸார்சிஸ்ட் போட்டார்கள், அந்த ஆண்டு காலமான அதன் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினுக்கு அஞ்சலியாக. 1973-இல் வந்த படம், இன்றைக்குப் பையன்கள் கைதட்டிச் சிரிக்கிற இடங்கள் அதில் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் மச்சில் எலி ஓடுகிற மாதிரி ஒரு பிறாண்டல் வருகிறதே, அதற்கு யாருக்கும் சிரிப்பு வராது.

நடுராத்திரிக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படம் முடியும்போது இரண்டு, இரண்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் நம் ஊருக்கு ரயிலை நம்பாதீர்கள். தம்பானூரில் ஒரு லாட்ஜில் ஒருதடவை அறை எடுத்தேன், பெயர் வேண்டாம், குழாயில் ராத்திரி முழுக்க யாரோ பெருமூச்சு விடுவதுபோலச் சத்தம் வந்தது, படத்தைவிட அதுதான் பயம். இப்போதெல்லாம் ஸ்டேஷனிலேயே கட்டன் சாயா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு விடிகிற நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறேன். கூட இரண்டு பேர் இருந்தால் படத்தைப் பற்றிப் பேசியே பொழுது விடிந்துவிடும்.

த்ரில்லர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். சனல்குமார் சசிதரனின் எஸ் துர்கா 2017-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய மலையாளப் படம். ராத்திரி ரோட்டில் நிற்கும் ஒரு பையனும் பெண்ணும் ஒரு வேனில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறார்கள், வேனில் இருப்பவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று தெரியவில்லை. கதை இவ்வளவுதான். ஒரு கொலை கிடையாது, ஒரு பேய் கிடையாது. இடையிடையே முதுகில் கொக்கி மாட்டித் தொங்குகிற காளி கோயில் நேர்ச்சையைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். கொல்லங்கோட்டில் ஆளைத் தொங்கவிட்டு உயரத் தூக்குகிற தூக்கத் திருவிழா பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் செண்டைச் சத்தம் பக்தியாகத்தான் காதில் விழும். வேனுக்குள் போய்விட்டுத் திரும்ப அங்கே வரும்போது அதே செண்டை வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. என்னோடு பார்த்த அத்தான் பாதியிலேயே ‘லேய், அந்தப் பிள்ளைய எறக்கி விடச் சொல்லுடே’ என்று திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டார். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ‘சர்வதேச ஹாரர் குறும்பட விழா’ என்று போஸ்டர் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, நடத்தியவர்கள் திருந்தியிருக்கலாம். 300 ரூபாய் டிக்கெட். ஒரு கல்யாண மண்டபம். பகல் பதினொரு மணிக்கு ஆரம்பிக்கிறார்கள், ஜன்னலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள், வெயில் அதில் புகுந்து மண்டபமே மீன்தொட்டி மாதிரி இருக்கிறது. திரையில் பேய் வந்தாலும் நீலம், மணப்பெண் வந்தாலும் நீலம். ஸ்பீக்கர் இரண்டும் ரிசப்ஷனுக்கு வைக்கிற ஸ்பீக்கர், எல்லாச் சத்தமும் ஒரே கூச்சலாக வருகிறது, கிசுகிசுப்பு என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. பதினொரு படம், பதினொன்றுக்கும் விருது. சிறந்த பேய்க்குக்கூட ஒரு கேடயம் இருந்தது.

எப்படி என்று அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். படம் எடுத்த பையன்களிடமிருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக நுழைவுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். இணையத்தில் மாதாமாதம் நடக்கிற ‘விழாக்கள்’ பலவற்றிலும் இதே வியாபாரம்தான், போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இரண்டு இலைக்கொத்துக்கு நடுவே விழாவின் பெயர் கிடைக்கும், படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குறும்படம் எடுக்கிற தம்பிகள் காசு அனுப்புவதற்கு முன்னால், போன வருடம் எந்த அரங்கில் என்ன படம் போட்டார்கள் என்று கேளுங்கள். அரங்கின் பெயர் சொல்லத் திணறினால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். திருவனந்தபுரத்திலேயே, டிசம்பர் விழாவை நடத்துகிற கேரள சலச்சித்திர அகாதமி ஆவணப் படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக ஒரு விழா நடத்துகிறது, 2008-லிருந்து. கிடைக்கிறதோ இல்லையோ, அங்கே முயன்று பார்ப்பது மேல்.

ஆனால் அந்த மண்டபத்துக்குப் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. பதினொன்றில் ஏழாவது படம். ஒன்பது நிமிடம். குலசேகரம் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் எடுத்தது. விடிகாலை மூன்றரை மணி, ரப்பர் தோட்டம், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஒருவர் பால் வெட்ட வருகிறார். முதல் மரம். வெட்டுகிறார், பால் கோடு பிடித்து இறங்குகிறது, மரத்தில் கட்டிய தேங்காய்ச் சிரட்டையில் சொட்டுகிறது. இரண்டாவது மரம், மூன்றாவது மரம். தூரத்தில், நாலைந்து வரிசை தள்ளி, இன்னொரு தலை டார்ச் வெளிச்சம் நகர்கிறது. யாரோ கூட்டாளி என்று இவர் கண்டுகொள்ளவில்லை. எட்டாவது மரத்துக்கு வந்து கத்தியை வைக்கப் போகிறார், குனிந்து பார்க்கிறார், சிரட்டையில் ஏற்கெனவே பால் நிறைந்திருக்கிறது. பட்டையில் வெட்டின தடமே இல்லை. அடுத்த மரத்திலும் நிறைந்திருக்கிறது. நிமிர்ந்தால் அந்த வெளிச்சம் இப்போது இரண்டே வரிசை தள்ளி நிற்கிறது.

மண்டபத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையன் ‘பேய் எப்பம் வரும்’ என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூப்பனைத் தேட ஆரம்பித்தான். எனக்கும் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது. வெளியே வந்து அந்தப் பையன்களில் ஒருவனைப் பிடித்து, பென் டிரைவில் படத்தை வாங்கி, ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. படம் முழுக்கச் சொட்டுச் சத்தத்தால் கட்டியிருக்கிறார்கள். ஒரு மரம் சொட்டுகிறது, இரண்டு மரம் சொட்டுகிறது, ஆள் நகர நகரப் பின்னால் சொட்டுகிற மரங்கள் கூடிக்கொண்டே போகின்றன, ஏழு மரம்வரை எண்ண முடிகிறது. எட்டாவது மரத்தில் அவர் குனிகிறபோது எல்லாச் சொட்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகிறது. அந்த ரிசப்ஷன் ஸ்பீக்கரில் இது எங்கே கேட்டிருக்கப் போகிறது? செலவு எவ்வளவு என்று கேட்டேன். கேமரா கடன் வாங்கியது, டார்ச் இரண்டு, சாப்பாடு, டீ. மைக் ஒன்றுதான் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்தார்களாம். ‘அதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணல அண்ணா’ என்றான்.

வீட்டில் பார்க்கவே கூடாதா என்றால் அப்படியும் இல்லை. ஸ்கின்னமரிங்க் என்ற கனடியப் படம் சுமார் 15,000 டாலர் செலவில், இயக்குநர் வளர்ந்த வீட்டிலேயே எடுத்தது, 2022-இல் ஃபேன்டேசியா விழாவில் முதலில் காட்டினார்கள். திரையில் பாதி நேரம் சுவரும் மேற்கூரையும் இருட்டும்தான், அதுவும் புள்ளி புள்ளியாக. தியேட்டரில் பக்கத்தில் ஒருவன் போனை எடுத்தால் அந்தப் படம் செத்துப்போகும். அதை எல்லோரும் தூங்கினபிறகு, லைட்டை அணைத்துவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்களும் நிறைய, எனக்கேகூட நடுவில் இருபது நிமிடம் அதிகம் என்று தோன்றியது.

மார்க் போடச் சொன்னால், திருவனந்தபுரம் விழாவுக்குப் பேய்ப்பட ரசிகனாகப் பத்துக்கு எட்டு. இந்த வகைக்கென்று தனிப் பிரிவு ஒன்று வைத்தால் ஒன்பது தருவேன். நீலத் தார்ப்பாய் மண்டபத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் ஏழாவது படத்துக்கு.

அந்தப் படத்தைப் போன மாதம் மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன், அருமனைப் பக்கம் முப்பது வருடமாகப் பால் வெட்டுகிறவர். என் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒன்பது நிமிடமும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முடிந்ததும், ‘மக்கா, அவன் கத்தி புடிச்சது சரியில்ல, அப்பிடி வெட்டுனா மரம் கெட்டுப்போவும்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கூட வேலைக்குப் போகிற மாமிதான் மறுநாள் போனில் சொன்னாள், ஒவ்வொரு மரத்திலும் டார்ச்சைச் சிரட்டைக்குள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைத்தாராம், வேலை முடிய ஒரு மணி நேரம் லேட்டாம், இனிமேல் அவருக்குப் படம் கிடம் என்று எதையும் காட்டக்கூடாதாம்.